ஓசூர்ப் பட்டறைக் கணினியில் லினக்ஸ் ஏன் இல்லை?

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியின் மென்பொருள் நிறுவனங்களில் நிறைய வேலை லினக்ஸை நம்பித்தான் நடக்கிறது. இணையச் சேவையகங்களில் பெரும்பான்மை லினக்ஸ். 2017 நவம்பரிலிருந்து உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறும் லினக்ஸ். ஆண்டிராய்டு வழியாக நம் சட்டைப்பையில் இருப்பதும் லினக்ஸின் கருவே. ஆனால் அத்திப்பள்ளியைத் தாண்டி ஜூஜுவாடி, பேகேபள்ளி, சிப்காட் என்று வந்தால் நிலைமை வேறு. சிறு பட்டறை ஒவ்வொன்றின் அலுவலக மேசையிலும் அநேகமாக விண்டோஸ்தான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதாக இருக்கலாம், கொடுக்காமல் போட்டதாகவும் இருக்கலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைக்கோ கிரானைட் அறுவை ஆலைக்கோ போனாலும் இதே காட்சிதான்.

இலவசமாகக் கிடைப்பது, வைரஸ் தொல்லை குறைந்தது, பழைய கணினியிலும் ஓடுவது: இப்படிப்பட்ட ஒன்று வணிகத்தின் மேசைக்கு ஏன் வந்து சேரவில்லை? இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகளாகப் பதில்கள் சொல்லப்படுகின்றன. அவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, எங்கே சரிகிறது என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். பெரிய நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்து தரும் ஓசூர்ப் பட்டறையே இதற்கு உரைகல். ஏனெனில் இந்த விவாதத்தில் அதிகம் பேசப்பட்டவை அமெரிக்க நீதிமன்றமும் ஐரோப்பிய நகராட்சியும்தான். பத்துப் பேர் வேலை செய்யும் ஜாப் ஒர்க் பட்டறையை முன்வைத்து நடந்த பேச்சு குறைவு.

தோற்றவர்களின் வரிசை

லினக்ஸ் இந்த வரிசையில் முதலாவது அல்ல. 1970-களின் நடுவில் கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் ஒரு காலத்தில் சிறு கணினிகளின் பொது இயங்குதளமாக இருந்தது. 1981-இல் ஐபிஎம் தன் தனிக்கணினியைக் கொண்டுவந்தபோது மைக்ரோசாஃப்ட் தந்த டாஸை 40 டாலருக்கும், சிபி/எம்-86-ஐ 240 டாலருக்கும் விற்றது. அங்கேயே சிபி/எம்மின் கதை முடிந்தது. பிறகு ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 1987-இல் ஓஎஸ்/2-ஐ வெளியிட்டன. கூட்டு முறிந்தபின் ஐபிஎம் தனியாகவே அதை நடத்தியது. 1992-இல் வந்த அதன் 2.0 பதிப்பு அன்றைய விண்டோஸைவிட உறுதியானது என்பதில் தொழில்நுட்பர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உலகின் பல வங்கி ஏடிஎம்களுக்குள் அது நெடுங்காலம் ஓடியது. அலுவலக மேசையில் மட்டும் தோற்றது. 1990-களில் வந்த பிஓஎஸ் இசை, படம் சார்ந்த வேலைகளில் வியக்க வைத்தது. அதுவும் சில ஆண்டுகளில் மறைந்தது.

இந்தியாவில் நடந்தது சற்று வேறு. 1980-களில் இங்கே வங்கிகள் கிளைக் கணினிமயத்தைத் தொடங்கியபோது யுனிக்ஸ் குடும்பத்துக்கு நல்ல இடம் இருந்தது. உள்நாட்டுக் கணினி நிறுவனங்கள் யுனிக்ஸ் இயந்திரங்களைக் கட்டி விற்றன. மாற்று இயங்குதளம் இந்திய அலுவலகத்துக்கு அந்நியமாக இருந்ததே இல்லை என்பதை இதிலிருந்து அறியலாம். அது உள்ளே இருந்துதான் வெளியேறியது.

முதல் பதில்: சரக்கு சரியில்லை

மிக எளிய விளக்கம், பொருள் மட்டமானது என்பது. லினக்ஸுக்கு அச்சுப்பொறி இயக்கி கிடைக்காது, வைஃபை வேலை செய்யாது, எழுத்துரு கோணலாகத் தெரியும் என்ற புகார்கள் 2000-களின் தொடக்கத்தில் உண்மையானவை. தமிழுக்கு அப்போது கூடுதல் சிக்கல் ஒன்று இருந்தது. அலுவலகங்களும் அச்சகங்களும் வானவில், பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கோப்புகளைக் குவித்து வைத்திருந்தன. அவற்றின் விசைப்பலகை மென்பொருள்கள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகும் பழைய கோப்புகளின் பாரம் உடனே இறங்கிவிடவில்லை.

ஆனால் தரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் விளங்குவதில்லை. தரமான ஓஎஸ்/2 ஏன் தோற்றது? தரம் குறைந்த விண்டோஸ் 3.1 ஏன் வென்றது? மேலும் இன்றைய உபுண்டுவையோ டெபியனையோ ஒரு சாதாரண மடிக்கணினியில் நிறுவுவது விண்டோஸ் நிறுவுவதைவிடக் கடினம் என்று யாரும் சொல்ல முடியாது. புகாருக்கான காரணங்கள் பெரும்பாலும் தீர்ந்த பிறகும் மேசை மாறவில்லை. ஆகவே இந்தப் பதில் ஒரு காலகட்டத்துக்குப் பொருந்தும், கேள்வி முழுவதற்கும் பொருந்தாது.

இரண்டாவது பதில்: ஊரோடு ஒத்து வாழ்

பொருளியல் அறிஞர்கள் தந்த பதில் இது. ஒரு பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்களோ அந்த அளவுக்கு அதன் மதிப்பு கூடும் என்ற கருத்தை மைக்கேல் காட்ஸும் கார்ல் ஷாபிரோவும் 1985-இல் முறைப்படுத்தினர். அதே ஆண்டு பால் டேவிட், தட்டச்சு விசைப்பலகையின் குவெர்ட்டி வரிசையை எடுத்துக்காட்டி, தொடக்கத்தில் தற்செயலாகக் கிடைத்த ஒரு முன்னிலை பிறகு அசைக்க முடியாத பூட்டாகிவிடும் என்று வாதிட்டார். ஸ்டான் லீபோவிட்ஸும் ஸ்டீபன் மார்கோலிஸும் 1990-இல் இதை மறுத்தார்கள். குவெர்ட்டியைவிடச் சிறந்ததாகச் சொல்லப்பட்ட விசைப்பலகைக்கான சான்றுகளே பலவீனமானவை என்றும், நல்ல பொருள் தோற்பதாகச் சொல்லும் கதைகளை ஆராயாமல் நம்பக்கூடாது என்றும் அவர்கள் எச்சரித்தனர். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

இயங்குதளத்தைப் பொறுத்தவரை இந்தக் கோட்பாட்டுக்குக் கிடைத்த வலுவான ஆவணம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 1999 நவம்பரில் உண்மை முடிவுகளை வெளியிட்டார். விண்டோஸுக்கு 70,000-க்கு மேற்பட்ட பயன்பாட்டு மென்பொருள்கள் இருந்தன என்றும், ஓஎஸ்/2 தன் உச்சத்தில் 10 விழுக்காட்டுச் சந்தையையும் ஏறத்தாழ 2,500 மென்பொருள்களையும் எட்டியும் நிலைக்கவில்லை என்றும் அவர் பதிவு செய்தார். மென்பொருள் இருந்தால்தான் பயனர் வருவார், பயனர் இருந்தால்தான் மென்பொருள் எழுதப்படும். இந்த இரண்டுக்கும் நடுவில் புதிதாக வருகிறவர் சிக்கிக்கொள்கிறார். ஓஎஸ்/2 இதை உடைக்கப் பார்த்து, விண்டோஸ் மென்பொருளையும் தன்மேல் ஓட்டிக் காட்டியது. அதுவே வினையாயிற்று. விண்டோஸுக்கு எழுதினால் இரண்டிலும் ஓடும் என்றால், ஓஎஸ்/2-க்குத் தனியாக எழுத யாருக்கு மனம் வரும்? இன்று வைன் என்ற மென்பொருள் வழியே விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் முயற்சிக்கும் இதே ஆபத்து ஓரளவு இருக்கிறது.

இந்தப் பதில் வலுவானது. இருந்தாலும் எல்லாப் பயனரையும் ஒரே கூட்டமாகப் பார்ப்பது இதன் குறை. ஒரு பட்டறை முதலாளிக்கு உலகில் எத்தனை கோடிப் பேர் விண்டோஸ் வைத்திருக்கிறார்கள் என்பதா கவலை? அவருக்குக் கோப்பு அனுப்புபவர் ஐந்தாறு பேர்தான். அந்த ஐந்தாறு பேர் யார் என்ற கேள்விக்குப் பின்னால் வருவோம்.

மூன்றாவது பதில்: கதவை அடைத்தார்கள்

சந்தை ஆதிக்கத்தைக் கொண்டு போட்டியாளரை வெளியே நிறுத்தினார்கள் என்பது மூன்றாவது தரப்பு. ஆதாரம் இல்லாத குற்றச்சாட்டு அல்ல இது. கணினியில் எந்த இயங்குதளத்தைப் போட்டு விற்றாலும், விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்குப் பணம் கட்டவேண்டிய உரிம முறை ஒருகாலத்தில் இருந்தது. 1994-இல் அமெரிக்க நீதித்துறையுடன் செய்துகொண்ட உடன்பாட்டால் அது நின்றது. பிஓஎஸ்ஸை உருவாக்கிய பி நிறுவனம் 2002-இல் வழக்குத் தொடுத்து, 2003-இல் 2.3 கோடி டாலருக்கு மேல் பெற்றுச் சமரசம் செய்துகொண்டது. 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நிறுவனத்தைப் பிளக்கச் சொன்ன தீர்ப்பை ரத்து செய்தாலும், சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணியது என்ற முடிவை நிலைநிறுத்தியது.

இதன் வலிமையை மறுக்க இயலாது. ஆனால் இந்தியச் சந்தை இதற்கு ஒரு சங்கடமான எதிர்ச்சான்று தருகிறது. விண்டோஸ் இல்லாமல் வெறும் டாஸோ லினக்ஸோ போட்டுச் சில ஆயிரம் ரூபாய் விலை குறைத்த மடிக்கணினிகள் இங்கே கடைகளில் ஆண்டுக்கணக்கில் விற்றன. கதவு திறந்திருந்த நேரம் அது. வாங்கியவர்களில் பலர் அதே கடையிலோ பக்கத்துக் கடையிலோ விண்டோஸின் திருட்டு நகலை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான்காவது பதில்: இலவசத்தோடு இலவசம் மோதியது

அதனால் நான்காவது விளக்கம் இந்திய நிலத்துக்கு நெருக்கமானது. லினக்ஸின் பெரிய கவர்ச்சி அதன் விலை. விண்டோஸும் காசில்லாமல் கிடைக்கும் ஊரில் அந்தக் கவர்ச்சிக்கு அர்த்தம் இல்லை. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ, 2017-இல் இந்தியாவில் நிறுவப்பட்ட மென்பொருளில் 56 விழுக்காடு உரிமம் இல்லாதது என்று மதிப்பிட்டது. அந்த அமைப்புக்கு இதில் ஆதாயம் உண்டு என்பதால் எண்ணைச் சற்றுத் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். ஆனாலும் போக்கைச் சந்தேகிக்க இடமில்லை.

சிறு முதலாளிகள் இதை வெறும் சிக்கனமாகப் பார்ப்பது கவலை தருகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தவிர, உரிமம் இல்லாத நகல் ஒழுங்காகப் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியபோது மாட்டிக்கொண்டவை இப்படிப் புதுப்பிக்கப்படாத கணினிகளே. இந்த ஆபத்துக்கும் லினக்ஸ் ஒரு விடை. அது தெரிந்தும் மாறாதவர்கள் இருக்கிறார்கள். உரிமத்துக்கு முழுப் பணமும் கட்டும் பட்டறைகளும் மாறவில்லை. விலை மட்டுமே காரணமாக இருந்தால், சோதனைக்குப் பயந்து உரிமம் வாங்கியவர்களில் ஒரு பகுதியாவது லினக்ஸ் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது பதில்: பழக்கம், பயிற்சி, பள்ளிக்கூடம்

படிக்கும்போது எதைத் தொட்டார்களோ அதையே வேலையிலும் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் அரசுகள் நிறையச் செலவிட்டன. கேரளம் 2000-களின் நடுவிலிருந்து ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. மாணவர்களின் கணினித் தேர்வே லினக்ஸில்தான் நடந்தது. தமிழ்நாட்டிலும் முயற்சிகள் உண்டு. 2005-இல் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை அமைத்தன. அதன் பயனாக 2007-இல் பாஸ் என்ற இந்திய லினக்ஸ் வெளிவந்தது. அதே காலத்தில் தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐஏஎஸ், அந்த நிறுவனத்தின் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றி, அரசுக் கொள்முதலிலும் அதை வலியுறுத்தினார். அந்த வேகம் அவர் பதவியில் இருந்த காலத்தோடு நின்றுபோனது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே இயந்திரத்தில் இருந்தன. கணினியை இயக்கும்போது மாணவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது யாரும் ஊகிக்கக்கூடியதே.

கேரளத்தின் வெற்றி உண்மையானது, பாராட்டுக்குரியது. அங்கே லினக்ஸில் படித்து வெளிவந்த தலைமுறை வேலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் கேரளத்துச் சிறுதொழில் அலுவலகங்களில் லினக்ஸ் பரவலாகிவிட்டது என்று சொல்லும் அளவுக்குச் சான்று வெளிப்படவில்லை. பழக்கம் தேவையான ஒன்றுதான், போதுமான ஒன்றல்ல என்று இப்போதைக்குச் சொல்லலாம்.

பட்டறையின் ஒரு வேலை நாள்

மேற்சொன்ன ஐந்து பதில்களுக்கும் ஒரு பொது அனுமானம் உண்டு: கணினியின் சொந்தக்காரரே இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது. ஓசூரில் இந்த அனுமானம்தான் முதலில் உடைகிறது.

1970-களில் அரசின் சிப்காட் தொழில் வளாகம் வந்தபின், பின்தங்கிய வட்டாரச் சலுகையை நம்பி அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் போன்ற பெரிய ஆலைகள் இங்கே வந்தன. அவற்றைச் சுற்றியும், எல்லைக்கு அப்பால் பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளை நம்பியும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வளர்ந்தன. லேத், மில்லிங், சிஎன்சி கடைசல், அச்சு வார்ப்பு, முலாம் பூச்சு. பெரும்பாலானவை ஜாப் ஒர்க். மூலப்பொருள் வாடிக்கையாளருடையது, டிராயிங்கும் அவருடையது, கூலி மட்டும் பட்டறையுடையது.

இப்படி ஒரு பட்டறைக்கு வேலை வரும் வழியைப் பாருங்கள். முதலில் வருவது டிராயிங் கோப்பு. வாடிக்கையாளர் சாலிட்ஒர்க்ஸ் வைத்திருந்தால் அதன் கோப்பு வரும்; அந்த மென்பொருள் 1995-இல் வெளிவந்த நாளிலிருந்து விண்டோஸுக்கானது. ஸ்டெப் என்ற பொது வடிவம் இருக்கிறதே என்று கேட்கலாம். 1994 முதல் அது உலகத் தரம். பாகத்தின் உருவத்தை அது பெரும்பாலும் பிழையின்றிக் கொண்டுவரும். ஆனால் அந்த உருவம் எந்த வரிசையில், எந்த அளவுகளைப் பிடித்துக் கட்டப்பட்டது என்ற வரலாறு வராது. வாடிக்கையாளர் ஒரு துளையின் விட்டத்தை மாற்றித் திருத்தப் பதிப்பு அனுப்பினால், மூலக்கோப்பு வைத்திருப்பவருக்கு அது சில நிமிட வேலை. ஸ்டெப் வைத்திருப்பவர் வெட்டுப்பாதையை மறுபடி போட வேண்டியிருக்கும். ஃப்ரீகேட் என்ற கட்டற்ற மென்பொருள் 2024 நவம்பரில்தான் 1.0 பதிப்பை எட்டியது. இருபது ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பின் பயன் அது, மதிக்கத்தக்க சாதனை. ஆனாலும் டிராயிங் எந்த வடிவில் வர வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அது பட்டறைக்குத் தந்துவிடாது.

முதல் மாதிரி ஒப்புதலுக்கு வாடிக்கையாளர் கேட்கும் கட்டுப்பாட்டுத் திட்டம், பழுதுவாய்ப்புப் பகுப்பாய்வு, அளவு அறிக்கை எல்லாம் அவர் தரும் எக்ஸெல் படிவத்தில் இருக்க வேண்டும். லிப்ரே ஆஃபிசில் திறந்தால் கட்டங்கள் சற்று நகரும். ஒருமுறை நகர்ந்த கட்டத்துக்காகத் தரப்பிரிவு கோப்பைத் திருப்பி அனுப்பினால், அந்தப் பட்டறையில் லினக்ஸ் பேச்சு அத்தோடு முடிந்தது.

அடுத்தது கணக்கு. ஆடிட்டர் கேட்பது டேலி. 1986-இல் பெங்களூரில் கோயங்கா குடும்பம் தொடங்கிய நிறுவனத்தின் அந்த மென்பொருள் சிறுதொழிலின் பொதுமொழியாகிவிட்டது. கணக்கெழுத வேலைக்கு வருபவர் டேலி தெரியும் என்றுதான் சொல்லிக்கொண்டு வருகிறார். டேலி ஓடுவது விண்டோஸில். வைன் வழியாக லினக்ஸில் ஓட்டலாம்தான். ஓட்டிவிட்டுப் பழுது வந்தால் உதவி மையத்தில் என்ன சொல்வது?

மூன்றாவது அரசு. எல்லைப் பகுதி என்பதால் ஓசூரில் இதன் கனம் அதிகம். மாநில எல்லை தாண்டும் சாதாரணச் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் இ-வே பில் என்ற இணையவழிச் சரக்குச் சீட்டு கட்டாயம். ஆனால் ஒரு மாநிலத்தில் உள்ள முதன்மையாளர் (வேலை தருபவர்) இன்னொரு மாநிலத்து ஜாப் ஒர்க்கருக்கு அனுப்பும் சரக்குக்கு மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். ஜிகணியிலிருந்து ஒரு சிறு வண்டியில் வரும் இரும்புத் துண்டுகளுக்கும் இது பொருந்தும். அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவு. அதற்கான கணக்கை முதன்மையாளர் ஐடிசி-04 படிவத்தில் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு பட்டறை தரும் டெலிவரி சலான் விவரத்தோடு பொருந்தியாக வேண்டும். ஜிஎஸ்டி இணையதளத்தை எந்த உலாவியிலும் திறக்கலாம். ஆனால் மொத்தமாகத் தரவு ஏற்ற அரசு தந்த இலவசக் கருவிகள் பலவும் எக்ஸெலில், மேக்ரோ வைத்து எழுதப்பட்டவை. ஐடிசி-04 கருவி அப்படி, இ-வே பில்லுக்கான மொத்தப் பதிவுக் கருவி அப்படி. அந்த மேக்ரோக்கள் லிப்ரே ஆஃபிசில் ஒழுங்காக நடக்கும் என்று நம்ப முடியாது. ஆக, விண்டோஸும் எக்ஸெலும் வாங்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. சட்டத்துக்குக் கீழ்ப்படிய அரசு கையில் கொடுத்த கருவிக்கு மட்டும் அவை வேண்டும்.

வருமான வரித் துறை பல ஆண்டுகள் தன் படிவக் கருவியை ஜாவாவிலும் வழங்கியது. அது லினக்ஸிலும் ஓடியது. அரசால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இப்போது முன்பு ஒத்திவைத்த கேள்வி. அந்த ஐந்தாறு பேர் யார்? வாடிக்கையாளரின் வடிவமைப்புப் பிரிவு, அவருடைய தரப்பிரிவு, ஆடிட்டர், வரித் துறை, சிஎன்சி இயந்திரத்தை விற்றவரின் சேவைப் பொறியாளர், ஏதாவது நின்றுபோனால் இருசக்கர வண்டியில் வந்து சரிசெய்யும் கணினிக் கடைப் பையன். இவர்களில் பட்டறை முதலாளி மாற்றக்கூடியவர் அநேகமாகக் கடைசி ஒருவர்தான். ஆகவே இயங்குதளம் பட்டறையில் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. விநியோகச் சங்கிலியின் மேல்முனையிலும் அரசு அலுவலகத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்டு, இங்கே வந்து சேர்கிறது. மாறுவதற்கான செலவும் ஆபத்தும் மட்டும் பட்டறையின் தலையில் விழுகின்றன. மேலே பார்த்த கோட்பாடுகளில் இந்த ஏற்றத்தாழ்வுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

வென்ற இடங்கள் சொல்வது

மாற்று இயங்குதளம் வணிகத்தில் எப்போதும் தோற்கும் என்பதும் சரியல்ல. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தன் கிளைகளில் ரெட் ஹாட் லினக்ஸைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. பிரான்ஸின் தேசியக் காவற்படையான ஜான்டார்மெரி 70,000-க்கு மேற்பட்ட கணினிகளை உபுண்டுவுக்கு மாற்றி, அதிலேயே நிலைத்திருக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடித்தது. 2017 நவம்பரில் அதன் மன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. மியூனிக் திரும்பியதற்கு அரசியல் தலைமை மாறியது காரணம் என்று ஒரு சாராரும், பிற அரசுத் துறைகளோடு கோப்புப் பரிமாற்றத்தில் ஏற்பட்ட இடர்ப்பாடு காரணம் என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கலாம். நிலைத்தவற்றில் ஒரு ஒற்றுமை தெரிகிறது. அவை பெரியவை, சொந்தத் தொழில்நுட்பப் பிரிவு உள்ளவை, வேலையின் பெரும்பகுதி தம் எல்லைக்குள்ளேயே முடிந்துவிடுபவை. பாதுகாப்பு அமைச்சகம் 2023-இல் அறிவித்த மாயா என்ற உபுண்டு வழி இயங்குதளமும் இதே வகை. மத்திய அரசின் 2015 கட்டற்ற மென்பொருள் கொள்கை அரசுத் துறைகளை நோக்கிப் பேசியது. அரசோடு கோப்புப் பரிமாறும் சிறுதொழிலைப் பற்றி அது கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஓசூர்ப் பட்டறைக்குள்ளேயே இன்னொரு சான்று நிற்கிறது. சீமென்ஸின் சைனுமெரிக் 840டி எஸ்எல் கட்டுப்பாட்டகத்தின் மையப் பகுதி லினக்ஸில் ஓடுகிறது. அதை இயக்கும் தொழிலாளிக்கு அது தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. ஏதரின் 450எக்ஸ் மின்ஸ்கூட்டர் முகப்புத் திரையில் இருப்பது ஆண்டிராய்டு. ஓசூர் ஆலையிலிருந்து அது சாலைக்கு வருகிறது. ஆக, அலுவலக மேசையில் நுழைய முடியாத அதே லினக்ஸ் கரு தொழிற்கூடத்துக்குள் ஏற்கெனவே வேலை செய்கிறது. கோப்பை நாலு பேரோடு பரிமாற வேண்டாத இடத்தில், இயந்திரத்தோடு சேர்ந்து வரும் இடத்தில், பழுதுக்கு ஒரே ஒருவர் பொறுப்பேற்கும் இடத்தில் மாற்று இயங்குதளம் தடையின்றி நுழைகிறது.

இன்னும் தீராதவை

இரண்டு மாற்றங்கள் இந்த விவாதத்தைப் புதிய இடத்துக்கு நகர்த்துகின்றன. ஒன்று, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு கேட்பதால் பழைய கணினிகள் பலவற்றுக்கு ஏறாது. இது லினக்ஸுக்கு வாய்ப்பு என்று ஆர்வலர்கள் எழுதுகிறார்கள். அந்த எதிர்பார்ப்பை அடக்கியே வைக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி-யின் ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 ஜூனில், ஏடிஎம்களிலிருந்து அதை அகற்றும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் காலக்கெடு விதிக்க வேண்டியிருந்தது. வங்கிகளே அப்படி என்றால், பட்டறைகள் ஆதரவில்லாத விண்டோஸ் 10-இலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டும் வாய்ப்புதான் அதிகம்.

மற்றொன்று, வேலை உலாவிக்குள் நகர்வது. ஜோஹோ புக்ஸ் போன்ற கணக்கு மென்பொருளுக்கும் ஆன்ஷேப் போன்ற வடிவமைப்பு மென்பொருளுக்கும் கீழே என்ன இயங்குதளம் என்பது பொருட்டல்ல. 2025-இல் மத்தியக் கல்வி அமைச்சகம் தன் அலுவலர்களை ஜோஹோவின் அலுவலகத் தொகுப்புக்கு மாறச் சொன்னது. இப்படிப் போனால் லினக்ஸ் மேசைக்கு வர இருந்த தடைகளில் சில தாமாகவே தளரக்கூடும். ஆனால் பட்டறையின் கணக்கும் டிராயிங்கும் இன்னொருவரின் சேவையகத்தில் இருக்கும். மாதக் கட்டணம் நின்றால் கோப்பு யாருடையது என்ற புதிய கேள்வி பழைய கேள்வியின் இடத்தைப் பிடிக்கும். இது விடுதலையா, பூட்டு மாறுவதா என்று சொல்ல இன்னும் காலம் வரவில்லை.

இந்தியாவில் மேசைக் கணினிகளில் லினக்ஸின் பங்கு 2024-இல் 15 விழுக்காட்டைத் தாண்டியதாக ஸ்டாட்கவுண்டரின் கணிப்பு காட்டியது. இணையதள வருகையை வைத்து எடுக்கும் கணக்கு அது. மென்பொருள் பொறியாளரின் கணினியையும் பட்டறைக் கணினியையும் அது பிரித்துக் காட்டாது. சிறுதொழில் அலுவலகங்களை மட்டும் எடுத்து, மாவட்ட அளவில் செய்யப்படும் ஒரு கள ஆய்வு இதற்கு அவசியம் தேவை. எல்லையின் ஒருபுறம் மென்பொருளும் மறுபுறம் இயந்திரப் பட்டறையும் இருக்கும் ஓசூர் அதற்குப் பொருத்தமான இடம்.

அந்த ஆய்வு சோதிக்கவேண்டிய கருதுகோள் ஒன்று உண்டு. அரசின் மொத்தப் பதிவுக் கருவிகள் எந்த இயங்குதளத்திலும் ஓடும்படி வெளியிடப்பட்டு, பெரிய வாடிக்கையாளர்கள் டிராயிங்கையும் தரப் படிவங்களையும் திறந்த வடிவில் ஏற்றுக்கொண்டால், பட்டறைகள் மாறுமா? மாறினால், தோல்வியின் காரணம் சங்கிலியின் மேல்முனையில் இருந்தது என்பது உறுதியாகும். அப்போதும் மாறவில்லை என்றால், பழுதுபார்க்க வரும் கணினிக் கடைப் பையனுக்கு எது தெரியும் என்பதை நாம் இதுவரை குறைத்து மதிப்பிட்டிருக்கிறோம் என்று பொருள்.